எல்லாரும் பார்க்கிற இடம்

ஊசியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்து ஆக வேண்டியதும் ஒன்றுமில்லை. "ஊசியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அவள் இல்லையென்றால், "பரவாயில்லை, நாளைக்கு வர்றோம்" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவ்வளவு கைராசி. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் லேசாகத் தட்டிப் பார்த்து, "மூச்சை இழுத்து விடுங்க" என்பாள். விடுவதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

கைக்கு இருந்த நல்ல பெயர் வாய்க்கும் இருந்தது. யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எந்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எந்தப் பெரிய மனிதர் எதற்காக முகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டுப் போனார், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. கட்டின கணவரே கேட்டாலும், "உங்க பஸ்ஸுல யார் யார் எங்க இறங்குறாங்கன்னு நான் கேக்கிறேனா?" என்று வாயை அடைத்துவிடுவாள். அவர் பஸ் டிரைவர். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு காலைப்பொழுதில், பெற்ற மகள் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயத்தை ஊரறியப் போட்டு உடைத்தாள்.

மகள் இன்ஜினியர். பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் அவள் இருக்கும் ஊர் வரும். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் அவர் குரலையே கேட்க முடியும். ஆக, மகள் அங்கே தனியாகத்தான் இருந்தாள். தினமும் போன் பேசுவாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு வரவரத் தேய்ந்துகொண்டே வந்தது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "தூங்கினியா?" "தூங்கினேன். சரிம்மா, கூப்பிடறாங்க." அதோடு சரி.

போன வருஷம் அவளுக்கு ஒரு கரு உண்டாகி, தங்காமல் போயிற்று. உண்டானதைக் கேட்டதும் சம்பந்தியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா, தங்கை, ஓரகத்தி, கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். அப்புறம் அது போனபோது, வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் மறுபடி போன் செய்தார்கள், இந்த முறை துக்கம் விசாரிக்க. ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மகள் போனை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை வந்தா, வயிறு தெரியுற வரைக்கும் யாருக்கும் மூச்சு விட மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். இந்த முறை புருஷனுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சொன்னதுகூட, ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் காட்டி, "அளவெல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்க வேண்டியிருந்ததால்தான். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊசியக்கா அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை அந்த ரிசல்ட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நிலையில்தான் ஒரு நாள் காலை, கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், எக்ஸ்ரேக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்றார். அவளோடு பல வருஷமாக வேலை பார்ப்பவர். போன் சமாச்சாரம் எதுவானாலும் தனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு அவருக்கு.

"உங்க பொண்ணு படம் பார்த்தேன்க்கா. பாலத்து உச்சியில தலைக்கவசம் போட்டுக்கிட்டு நிக்குது. கீழே பார்த்தா ஆறு நூல் மாதிரி தெரியுது. எனக்கே தலை சுத்திடுச்சு."

"உச்சியிலயா?" என்றாள் ஊசியக்கா. "எங்க பார்த்தீங்க? காட்டுங்க."

"என் போன்ல சார்ஜ் போயிடுச்சு. உங்க போன்லயே பார்க்கலாமே, அந்த ஆப்ல சேர்ந்தா போதும். உலகமே அங்கதான் இருக்கு, நீங்க மட்டும்தான் வெளியே நிக்கிறீங்க."

அவரே ஆப்பை இறக்கிக் கொடுத்தார். அதற்குள் கால் உடைந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். "கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டே போங்க, அதுவே சேர்த்துக்கும்" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

ஊசியக்கா தனியாக அதோடு உட்கார்ந்தாள். பிறந்த தேதி கேட்டது, உண்மையைச் சொன்னாள். கடவுச்சொல் கேட்டது, எதையோ அடித்தாள். சிறிதாக இருக்கிறது என்றது, இன்னும் எதையோ சேர்த்தாள். எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்ததால் என்ன அடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. படம் கேட்டது. சுவரோரம் நின்று தன்னைத்தானே எடுத்தாள். முகத்தில் பாதியும் பின்னால் குளிர்சாதனப் பெட்டியில் பாதியும் விழுந்தது. "உங்கள் போனில் உள்ள எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றாள்.

சொன்னதுதான் தாமதம், முகங்கள் வந்து குவிய ஆரம்பித்தன. கொழுந்தன், தையற்காரி, வீட்டுக்கு கேஸ் கொண்டுவருகிறவர், என்றைக்கோ சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய பழைய வீட்டுக்காரம்மா. போதாததற்கு, முந்தின வாரம் ஊசி போட்டுக்கொண்டு போன ஒருவர் முகமும் வந்தது. 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டது. ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியும்தான். ஆனால் தெரியும் என்பது இதற்கு எப்படித் தெரியும்? யாரோ தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போலிருந்தது. ஒருமுறை திரும்பியும் பார்த்தாள்.

ஒருவழியாக மகளின் பெயரை எழுதித் தேடினாள். கிடைத்தாள். முதல் படமே அதுதான். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு மகள் நின்றாள். காலுக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்குக் கீழே வெறும் காற்று. அதற்கும் கீழே, எங்கேயோ, தண்ணீர்.

ஊசியக்கா உடனே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாலத்து மேடைக்குப் போகும்போது போனைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் இன்னும் கூடியது. அப்படியானால் இந்த நிமிஷம் மேலேதான் இருக்கிறாள்.

படத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்றது. மகள் படம், மகள் பெயர், அதன் கீழே எழுத இடம். மகளுக்கு எழுதுகிற இடம் இதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு யார்தான் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஒற்றை விரலால் தேடித் தேடி எழுதினாள்.

'கண்ணு, இவ்வளவு உயரத்துல ஏன் நிக்கிறே? காலையில வாந்தி குறைஞ்சுதா? மூணு மாசம் தாண்டுற வரைக்கும் ஏறி இறங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னதை மறந்துட்டியா? போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது. ரத்தத்துல அளவெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதே. யாருக்கும் இப்போ சொல்ல வேண்டாம். அம்மா.'

அம்புக்குறியை அழுத்தினாள். போய்விட்டது. மனசில் இருந்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் 'டிங்' என்றது. அவள் எழுதியதன் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். போட்டவர் தலைக்கவசம் அணிந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். யாரோ மகளோடு வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது, நல்ல மனுஷர், என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள், ஒரு கேள்வி மெல்லத் தலையைத் தூக்கியது. மகளுக்கு எழுதினதை இவர் எப்படிப் படித்தார்?

மறுபடி 'டிங்.' இந்த முறை ஒரு பெண், பதிலே எழுதியிருந்தாள். 'ஆன்ட்டி, வாழ்த்துகள்! ஆனா யாருக்கும் சொல்ல வேண்டாம்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே!' பின்னாலேயே சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டும் மஞ்சள் முகங்கள், வரிசையாக.

ஊசியக்கா எழுந்து எக்ஸ்ரே அறைக்கு ஓடினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரியும்போது கதவைத் தொடக் கூடாது. அந்தக் கால் உடைந்தவருக்கு எத்தனை எலும்புதான் இருக்குமோ, விளக்கு அணைவேனா என்றது.

"ஊசியக்கா, பெரியவர் ரொம்ப நேரமா உக்காந்திருக்கார்" என்று கவுன்ட்டரிலிருந்து குரல் வந்தது.

வெறும் வயிற்றோடு வந்திருந்த பெரியவர். சட்டைக் கையை மடித்துத் தயாராக நீட்டியிருந்தார். பட்டையைக் கட்டினாள். தட்டினாள். நரம்பு பளிச்சென்று தெரிந்தது, சின்னப் பிள்ளைகூடக் குத்தலாம். குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை லேசாகத் திருப்பினாள். பெரியவர் "ஸ்" என்றார். சட்டைப்பைக்குள் 'டிங்' என்றது. இன்னொரு 'டிங்.'

"என்னம்மா, இன்னிக்கு ஒரே குத்துல வரலை?" என்றார் பெரியவர்.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று அடுத்த கையைப் பிடித்தாள். அதில் எடுத்துவிட்டாள். ஆனால் முதல் கையில், அவள் கண்ணெதிரே, நீலமாக ஒரு வீக்கம் எழும்பியது. அவள் கையால் அப்படி ஒன்று எழும்பி அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

பெரியவர் போனதும் போனை எடுத்துப் பார்த்தாள். வாழ்த்துகள் பெருகியிருந்தன. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பதற்றத்தில் யோசனை என்று எது வந்தாலும் நல்லதாகத்தான் தெரியும். மறுபடியும் அதே கட்டத்தில் எழுதினாள். 'நான் வாந்தி என்று சொன்னது ஹோட்டல் சாப்பாடு சேராததால் வந்தது. யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அம்மா.'

அதற்கும் இதயம் விழுந்தது. 'ஹோட்டல் சாப்பாடு மூணு மாசம் தாண்டணுமா ஆன்ட்டி?' என்று ஒருவன் கேட்டிருந்தான்.

ஒருவழியாக விளக்கு அணைந்து எக்ஸ்ரேக்காரர் வெளியே வந்தார். போனை வாங்கிப் படித்தார். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதையும் விட்டுவிட்டார்.

"இது எல்லாரும் பார்க்கிற இடம்க்கா. நடுத்தெருவுல நின்னு கத்துற மாதிரி."

"அதான் தெரிஞ்சுபோச்சே. எடுங்க இதை. எப்படியாவது எடுங்க."

"இதென்ன பிரமாதம்?" என்று அந்த ஆப்பின் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்டது. சரி என்றார். படம் மறைந்தது. "முடிஞ்சுது. மொத்தமா தூக்கியாச்சு. இனிமே ஒரு தடயம் இருக்காது."

ஊசியக்கா நாற்காலியில் சாய்ந்தாள். சிலர் பார்த்திருப்பார்கள். போகட்டும். அவர்கள் யாரோ எவரோ. மூச்சு சீரானது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

அப்போதுதான் சம்பந்தியம்மா கூப்பிட்டார்.

சம்பந்தியம்மா நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு கோபமானாலும் அவருக்குக் குரல் உயராது. அதுதான் ஊசியக்காவுக்கு எப்போதும் உதறல். கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம்.

"நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்கன்னு என் போன்ல வந்துச்சு சம்பந்தி" என்றார் மெதுவாக. "சரி, ஒரு வணக்கம் போடுவோமேன்னு உள்ளே போனேன்."

ஊசியக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பிறகு, "அது வந்து... அதை எடுத்தாச்சுங்க" என்றாள்.

"இல்லையே. இப்பவும் என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. ஹோட்டல் சாப்பாடுன்னு இன்னொண்ணுகூட இருக்கு."

ஊசியக்கா எக்ஸ்ரேக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்தது அவள் போனிலிருந்த ஆப்பைத்தான். எழுதினது எழுதின இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வாசல் கதவைத்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறார், வீடு அங்கேயேதான் இருக்கிறது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார் சம்பந்தியம்மா.

"ரத்தம் பார்த்த அன்னைக்கு."

"என் புள்ளைக்கு?"

"தெரியும். கப்பல் கரைக்கு வந்தப்போ சொல்லியிருக்கா."

"அவனும் சொல்லலை." ஊசியக்கா அடிக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலிக்குது சம்பந்தி. இல்லைன்னு சொன்னா பொய்" என்றார் சம்பந்தியம்மா. "ஆனா அவ சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. போன தடவை நான் ஆடின ஆட்டம் அப்படி. ஒண்ணு மட்டும் செய்யுங்க. நான் பார்த்தேன்னு அவகிட்ட சொல்லாதீங்க. அவளா வந்து எனக்குச் சொல்லணும். அது வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது. சரியா?"

"சரிங்க" என்றாள் ஊசியக்கா. கண் நிறைந்துவிட்டது. ஒரு ரகசியத்தைக் கொட்டிய கை காய்வதற்குள் இன்னொன்றை வாங்கிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரேக்காரர் தன் பாவத்துக்குப் பரிகாரமாக ஆப்பை மறுபடி இறக்கிக் கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது. அவள் அடித்துப் பார்த்தாள். தவறு என்றது. மகள் பிறந்த நாளை அடித்தாள். தவறு. கணவரின் பஸ் நம்பரையும் சேர்த்து அடித்தாள். தவறு என்றதோடு நிற்காமல், பாதுகாப்பு கருதி இன்று முழுவதும் உள்ளே விட முடியாது என்று கதவை அடைத்துவிட்டது. யாருடைய பாதுகாப்போ.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, அப்படியே மூடினாள். குழாய்களில் பெயர் ஒட்டும்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு 'டிங்'குக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. அது பக்கத்து மேஜைக்காரர் போனாக இருந்தாலும் சரி. வாழ்த்துச் சொன்ன முகங்கள் எல்லாம் மனசில் வந்து நின்றன. இவ்வளவு பேரும், கடவுளே, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், இவ்வளவு பேருக்கும் மகள் பதில் சொல்ல வேண்டுமே.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா." அழுத குரல் இல்லை. கத்தின குரலும் இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி சுருக்கமே இல்லாத குரல். "அதை அழிச்சுட்டேன். என் படம்ங்கிறதால என்னால முடிஞ்சுது."

"கண்ணு, எனக்குத் தெரியாம..."

"முதல்ல இதயம் போட்டவர் யார் தெரியுமா? எங்க சீஃப். வேலை நடக்கும்போதே மைக்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உடனே இறங்கி வாங்கன்னார். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இனிமே மேடைப் பக்கம் வரக் கூடாதாம், ஆபீஸ்ல உக்காந்து வரைபடம் பார்க்கணுமாம். பாலத்துல ஆத்துக்கு நேர் மேல வர்ற அந்த நடுக்கண் வேலை முழுக்க என் பொறுப்புலம்மா இருந்துச்சு. அது முடியப்போகுது. முடிச்சுட்டு நானே அவர்கிட்ட சொல்றதா இருந்தேன்."

"அவ்வளவு உயரத்துல நிக்கிறதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே இருட்டிடுச்சுடி."

"அந்தப் படம் வயித்துல இது வர்றதுக்கு முன்னாடி கம்பெனி போட்டோக்காரர் எடுத்தது! இப்பதான் போட்டேன். நான் இப்போ எங்கயும் ஏறுறது இல்லை. லிஃப்ட்ல போய், கம்பிக்கு உள்ளே நின்னு பார்த்துட்டு வர்றேன். டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போறேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."

பஸ் ஒன்று வந்து நின்று, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. ஊசியக்கா ஏறவில்லை.

"ஒண்ணு கேக்கிறேன், உண்மையைச் சொல்லு" என்றாள் மகள். "நீ வேணும்னே போட்டியா?"

"சத்தியமா இல்லை. உனக்கு மட்டும்தான் போகுதுன்னு நினைச்சேன்."

"சரி. அவர் என்னை இறக்கிட்டார்னு இப்போ சொன்னேனே. கேட்டதும் உனக்கு நிம்மதியா இருந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் 'இறங்கி வாங்க' என்ற சொல்லைக் கேட்ட நொடியில், காலையிலிருந்து நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று, ரப்பர் பட்டையை உருவினால் கை தளருமே, அப்படித் தளர்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும் போலிருந்தது.

"இருந்துச்சு" என்றாள்.

போன் துண்டிக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சட்டைகூடக் கழற்றாமல் முழுக்கக் கேட்டார். "பஸ்ஸா இருந்தா ரிவர்ஸ் எடுக்கலாம்" என்றார். அவள் முறைத்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "விடு. உன்கிட்ட ஊசி போட்டுக்கிற குழந்தைங்க என்ன செய்யும்? கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்தாலே அழும். அப்புறம் நிறுத்தும்ல?"

"எல்லாம் நிறுத்துறது இல்லை" என்றாள் ஊசியக்கா. "சிலது நான் தெருவுல போனாலும் அழும்."

அந்த வாரம் முழுவதும் மகள் பேசவில்லை. 'சாப்பிட்டேன்', 'தூங்கினேன்' என்று ஒற்றை வார்த்தைகள் மட்டும் போனில் வந்து விழுந்தன. முன்னெல்லாம் அந்த வார்த்தைகளுக்கு ஒரு குரலாவது இருந்தது. கோபத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறுமோ, ஏறினால் உள்ளே இருப்பதற்கு ஆகுமோ, அதற்கும் தானே காரணமாகிவிடுவோமோ என்று ஊசியக்கா மனசு போகாத இடமில்லை. அந்த ஆப் அவளை மறுபடி உள்ளே விடத் தயாராகத்தான் இருந்தது. அவள்தான் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை.

அடுத்த வாரம், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மகளே கூப்பிட்டாள்.

"அத்தை அதைப் பார்த்தாங்களா?" நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. நேராக அதுதான்.

ஊசியக்கா கையில் பிழியாத துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தார் என்று சொன்னால் சம்பந்திக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. பார்க்கவில்லை என்றால் மகளிடம் பொய். "அதை என்கிட்ட கேக்காதே" என்றாள். "நான் பேசினதெல்லாம் இந்த ஜென்மத்துக்குப் போதும். அவங்களைக் கூப்பிட்டு நீயே விஷயத்தைச் சொல்லு."

"அப்போ பார்த்திருக்காங்க."

"நான் அப்படிச் சொல்லலையே."

"இல்லைன்னும் சொல்லலையே."

"நீ என்ன கேட்டாலும் நான் வாயைத் திறக்கப் போறதில்லை."

மறுமுனையில் மூக்கால் ஒரு மூச்சு வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கோபமாக இருக்கிறவர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை.

அன்றைக்கே மறுபடி கூப்பிட்டாள். "சொல்லிட்டேன்மா. 'அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம்'னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான் சொன்னேன். 'ஐயையோ, எனக்குத் தெரியவே தெரியாதே!'ன்னுட்டாங்க."

ஊசியக்காவுக்கு அடக்க முடியவில்லை. மகளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு மகள் சொன்னாள்: "அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். அவங்க யாருக்கும் சொல்லலையாம். சொல்லவும் மாட்டாங்களாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன் மேல கோபம் போகலை. அதையும் சொல்லிடறேன்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் ஊசியக்கா. "கோபத்தோடயே பேசு. பேசாம மட்டும் இருக்காதே."

நடுக்கண் வேலை மகளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் சீஃபிடம் போய் வாதாடினாள். டாக்டரிடம் சான்று வாங்கி நீட்டினாள். அவர், "உங்க நல்லதுக்குத்தான்ம்மா" என்றாராம். அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது என்றாள் மகள். வேறொருவன் அதை முடித்தான். திறப்பு விழாப் படத்தில் அவன் முன்வரிசையில் நின்றான், மகள் ஓரமாக. இதை அவள் அம்மாவிடம் சொன்னபோது ஊசியக்கா ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

அந்தத் திறப்பு விழாவுக்கெல்லாம் வெகு முன்பே, போன தடவை எந்தக் கட்டத்தில் கரு போனதோ, அந்தக் கட்டம் நெருங்கியது. ஊசியக்கா லீவு போட்டு ரயிலேறினாள். போய் இறங்கினால், மகள் வீட்டு வாசலில் இன்னொரு பெட்டி. சம்பந்தியம்மா அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். மறுநாள் ஸ்கேன். இரண்டு அம்மாக்களும் வெளியே நீள பெஞ்சில் அருகருகே உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இருவரும் ஒன்றாக எழுந்து, வேறு யாரோ என்று தெரிந்து, ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு தடவை உட்காரும்போது சம்பந்தியம்மா கை ஊசியக்காவின் கைமேல் பட்டது. அவர் அதை எடுக்கவில்லை. அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

மகள் வெளியே வந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துடிக்குது" என்றாள். "நல்லாவே துடிக்குது."

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஊசியக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எத்தனையோ மாசம் பயப்பட இருந்தது. அன்றைய பங்கு அவ்வளவோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் யார் முதலில் போவது என்று இருவருக்குள்ளும் போட்டி ஆரம்பமானது. ஊசியக்கா பாலைக் காய்ச்சினாள். சம்பந்தியம்மா அதை வாங்கி ஆற்றினார். இருவரும் சேர்ந்து மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தலையணையை முதுகுக்குப் பின்னால் ஒருவரும் காலுக்கு அடியில் ஒருவரும் திணித்தார்கள்.

மகள் இரண்டு தலையணையையும் எடுத்துத் தூரப் போட்டாள். "ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை கிளம்பணும், சொல்லிட்டேன்" என்றாள்.

"சரி" என்றாள் ஊசியக்கா.

"சரிம்மா" என்றார் சம்பந்தியம்மா.

அடுத்த புதன்கிழமை வரை இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.